சுருளிவேல் வீட்டு இருவாச்சி

சுருளிவேல் வீட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்த பிளைவுட் இருவாச்சி தன் இறக்கைகளை மடக்கிக்கொண்ட அன்று காலை, அந்த வீட்டில் முதலில் எழுந்த பேச்சு பறவையைப் பற்றியதல்ல, சுவரைப் பற்றியது. விரிந்த இறக்கைக்குப் பின்னால் மறைந்திருந்த வெடிப்பு மறுபடி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த ரெங்கநாயகியின் கண்ணில் அதுதான் நேராகப் பட்டது. அவள் கோலமாவு ஒட்டிய கையாலேயே போனை எடுத்து அங்கயற்கண்ணியைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்த வெடிப்புத் தெரியுதே."

"எந்த வெடிப்புக்கா?"

"அதான், நீங்க பறவையை வச்சு மறைச்சீங்களே, அது. பறவை இறக்கையை மடக்கிக்கிருச்சு. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க. வரும்போது வெடிப்பை அடைக்கிற பட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க."

அங்கயற்கண்ணி போடிநாயக்கனூரில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் டிராயிங் டீச்சர். விடுமுறைகளில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் படம் வரைந்து கொடுப்பாள். பறவை இறக்கையை மடக்கியது என்பதைக் கேட்டதும், பிளைவுட் ஈரம் குடித்து வளைந்துவிட்டது போலிருக்கிறது, அதைத்தான் அக்கா அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பையில் பட்டியையும் உப்புத்தாளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருளிவேல் ஏலக்காய் வியாபாரி. மலையிலிருந்து ஜீப்பில் வந்திறங்கும் காய் அவர் வீட்டு முன்கூடத்தில் மலைபோலக் கிடக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பெரிசு வேறு, சிறிசு வேறு, வெடித்தது வேறு என்று பொறுக்கிப் பிரிப்பார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழம்பிலும் போடாத ஏலக்காய் மணக்கும். முன்கூடத்துக்கு நேர் எதிரே மாடிப்படி. மாடி எடுத்தபோது கொத்தனார் படியை எங்கோ தவறாகத் திருப்பிவிட்டார். அதனால் அந்தச் சுவர் சதுரமும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஒரு பக்கம் படியோடு ஏறிக்கொண்டே போகும், மறுபக்கம் ஒரு சின்ன ஜன்னலுக்குக் கீழே நசுங்கும், மேலே உத்தரம் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் எத்தனை முறை பூசினாலும் திரும்ப வருகிற வெடிப்பு. அங்கே எந்தப் படத்தை மாட்டினாலும் கோணலாகத்தான் தெரிந்தது. சாமி படமே கோணலாகத் தெரிந்ததும் ரெங்கநாயகி பயந்துபோய், சுவரின் அளவுக்கே வெட்டிய ஒரு படம் வேண்டும் என்று டீச்சரிடம் வந்தாள்.

அங்கயற்கண்ணி செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் முழுக்கப் பரப்பி, படியில் நின்றும் ஸ்டூலில் நின்றும் கரிக்கட்டையால் ஓரம் வரைந்து, கீழே இறக்கி விரித்துப் பார்த்தபோது, அது இறக்கை விரித்த பறவையாகத்தான் இருந்தது. ஒரு இறக்கை படியோடு ஏறியது; ஒன்று ஜன்னலுக்குக் கீழே தாழ்ந்தது; கழுத்தை மட்டும் கொஞ்சம் வளைத்தால் உத்தரம் இடிக்காது. இத்தனை பெரிய பறவை என்றால் அந்த ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான், இருவாச்சி. போடிமெட்டுக் காட்டில் தலைக்கு மேல் அது பறந்தால், ரயில் போகிற மாதிரி சத்தம் கேட்கும்.

"இறக்கையை மடக்கி வைங்க டீச்சர்," என்றார் சுருளிவேல். "வீட்டுக்குள்ள இருக்கிறது அடங்கி உக்காந்தாத்தான் நல்லது."

"விரிச்சாத்தான் சுவர் மறையும்," என்றாள் ரெங்கநாயகி.

சுவர் ஜெயித்தது. ஆசாரி பிளைவுட்டைத் துண்டு துண்டாக அறுத்து, வாசல்வழியே ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து சுவரிலேயே பொருத்தினார். கோடை விடுமுறை முழுக்க டீச்சர் அங்கேயே நின்று வரைந்தாள். மஞ்சள் அலகும், அதன் மேல் கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கொண்டையும், கருப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டையும், சிவந்த கண்ணும் வந்து சேர்ந்தன. காய் பொறுக்கும் பெண்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பார்த்துக் காயை மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினார்கள்.

இப்போது அவள் பட்டிப் பையோடு வந்து நின்றாள். பறவை இறக்கையை மடக்கித்தான் வைத்திருந்தது.

பலகை வளையவில்லை. பலகையே வேறு வடிவத்தில் இருந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அதே வழவழப்பு. திருகாணிகள் அதே இடத்தில் இருந்தன, இறக்கை இருந்த இடத்துத் திருகாணிகள் மட்டும் வெறும் சுவரில் நின்றன. மடிந்த இறக்கையில் இறகு இறகாக வண்ணம் இருந்தது. அவள் வரையாத இறகுகள். ஆனால் கருப்பு காய்வதற்குள் நீலத்தை இழுத்துவிட்டு, பிறகு விரல்நுனியால் அதை ஒற்றி எடுக்கும் அவளுடைய பழக்கம் அதில் இருந்தது. ஒரு இடத்தில் அவள் விரல்ரேகைகூட இருந்தது. தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் இது புரிய ஆரம்பிக்கும் என்பதும் புரியவில்லை.

"பட்டி பாத்துருவீங்கள்ல?" என்றாள் ரெங்கநாயகி.

பட்டி பார்த்தாள். மத்தியானம் பறவை இறக்கையை விரித்து, காயாத பட்டியின் மேல் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அது தன் இஷ்டத்துக்கு விரித்தது, தன் இஷ்டத்துக்கு மடக்கியது. யாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்காது. ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் நடந்திருக்கும். வீடு அதற்குப் பழகியது. ரெங்கநாயகி வெற்றுச் சுவரில் காலண்டரை மாட்டிவைப்பாள், இறக்கை விரிந்தால் காலண்டர் கீழே கிடக்கும், முணுமுணுத்துக்கொண்டே எடுத்து மறுபடி மாட்டுவாள். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சுப் பெட்டியை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் மாற்றினார், மாற்றும்போது பறவையைப் பார்த்து, "இன்னும் நீட்டுமா, இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். படியேறுகிறவர்கள் இறக்கை விரிந்திருந்தால் தோளை ஒடுக்கி ஏறினார்கள்.

ஆனால் ஊர் என்றிருந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அர்த்தம் சொன்னது. இறக்கை விரிந்தால் மழை என்றார்கள். விரிந்தது, தூறல்கூட விழவில்லை. அது மழைக்கில்லை, ஏலக்காய் விலைக்கு என்றார்கள். விரிந்தது, விலை படுத்தது. விலை மேலே போகிறதைச் சொல்லவில்லை, அசைகிறதைச் சொல்கிறது என்று ஒருவர் திருத்தினார். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து பார்த்தார்கள்; பரீட்சை எழுதினவர்கள் வந்தார்கள்; தேவாரத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "விரிச்சிருக்கா, மடக்கியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். சொன்னது நடந்தால் பறவை சொன்னது என்றார்கள். நடக்காவிட்டால் நாம் கேட்டது சரியில்லை என்றார்கள். எதிர்மாறாக நடந்தால், அது மலைப்பறவை, கீழே இருக்கிற நமக்கு இடமும் வலமும் மாறித்தான் தெரியும் என்றாள், காய் பொறுக்கும் பெண்களில் மூத்தவளான ஒச்சம்மா. அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

எல்லோரும் கடைசியில் டீச்சரிடம் வந்தார்கள்.

"நீங்க வரைஞ்சதுதான தாயி. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"பாத்தியா," என்பாள் ஒச்சம்மா பக்கத்தில் இருப்பவளிடம், "எவ்வளவு அடக்கமாச் சொல்லுது."

அவள் தெரியாது என்று சொல்லச் சொல்ல, அவளுக்குத் தெரியும் என்பது ஊரில் உறுதிப்பட்டது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியைகூட ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தன் மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் தனபாலன் போன் செய்தான். அங்கயற்கண்ணியின் புருஷன். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் முதலில் மாதாமாதம் வந்தான், பிறகு தீபாவளிக்கு வந்தான், பிறகு அவன் அங்கே வேறொருத்தியோடு இருப்பதாகச் செய்தி மட்டும் வந்தது. அவள் அழுது முடித்து, அழுததை மறந்து, வீட்டுக் கதவுக்குப் பிடித்த நிறத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டு இருக்கப் பழகியும் ரொம்ப காலமாகிவிட்டது. போனில் அவன் குரல் இளைத்திருந்தது.

"இங்க ஒண்ணும் சரியில்ல கண்ணி. நான் அங்கேயே வந்துரட்டுமா?"

அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அடுப்பில் என்ன வைத்தோம் என்று மறந்துபோனவள் மாதிரி நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் காலையில், இறக்கையில் வார்னிஷ் மங்கியிருக்கிற மாதிரி இருந்தது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சுருளிவேல் வீட்டில் போய் நின்றாள். மடங்கியிருந்தது. அதற்கடுத்த நாள், கண்ணில் கொஞ்சம் சிவப்பு வைக்க வேண்டும் என்று போனாள். விரிந்திருந்தது. விரிந்தால் வா என்றா, போ என்றா? விரிப்பது அணைப்பதற்கா, பறப்பதற்கா? அவள் கையால் வரைந்த அந்தச் சிவந்த கண் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தது. தன்னையே நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் மூன்றாவது நாளும் போனாள்.

அன்று படியில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். சுருளிவேலின் ஒரே மகள். ஆறாம் வகுப்பிலிருந்து டீச்சரிடம் டிராயிங் படித்தவள். கோடு மட்டும் நேராகப் போடுவாள், பூ வராது. எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடி கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குப் போனாள். காத்தாடி என்றால் காற்றாலை; அந்த உயரத்துத் தூணுக்குள் ஏணி பிடித்து ஏறி, உச்சியில் உட்கார்ந்து பழுது பார்க்கிற வேலை. ஏறினவளுக்குக் கீழே இறங்க மனமில்லை. இப்போது குஜராத்தில் கடலோரத்துக் காத்தாடிகளுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மிஸ், அப்பா என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? வெள்ளிக்கிழமை காலையில இது விரிச்சிருந்தா நான் போகலாமாம். மடக்கியிருந்தா, கம்பத்துல ஒரு மாப்பிள்ளை இருக்கான், அவனைக் கட்டிக்கணுமாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு மதுரையில ரயில்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா எதுவும் சொல்றதில்ல. துணி மடிக்கிறாங்க." அவள் எழுந்து நின்றாள். "மிஸ், நீங்க சொன்னா அப்பா கேப்பார். இது வெறும் பிளைவுட்டுன்னு சொல்லுங்க. நீங்கதான செஞ்சீங்க? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். வெறும் பிளைவுட்டுதான் என்பது நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கையில் வார்னிஷ் டப்பா இருந்தது. அந்தக் காலையில் அங்கே வார்னிஷ் அடிக்க ஒரு இடமும் இல்லை.

சிந்துஜா டப்பாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் கேக்குறீங்களா மிஸ்?"

டீச்சர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு, விரிந்த இறக்கையை உரசாமல் படியேறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முன்கூடம் நிறைந்துவிட்டது. காய் பொறுக்கும் பெண்கள் காய்க்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் உள்ளவர்கள் நின்றார்கள். கம்பத்து மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சட்டைப்பையில் வெற்றிலையோடு வந்திருந்தார். சுருளிவேல் வெள்ளை வேட்டியில் குளித்து முழுகி நின்றார். அவர் முரட்டு மனுஷர் இல்லை. மகள் அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவருக்குத் தன் உள்ளங்கால் கூசும். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் நியாயம் கிடைக்கவில்லை. சொல்லும் பொறுப்பைப் பறவைமேல் போட்டுவிட்டுச் சில நாள் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்.

பறவை ஒரு இறக்கையை விரித்து, ஒரு இறக்கையை மடக்கியிருந்தது.

இதுவரை அப்படி இருந்ததே இல்லை.  எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். படிப் பக்கத்து இறக்கைதான் விரிந்திருக்கிறது, அது மேலே போகிற இறக்கை, போகலாம் என்றுதான் அர்த்தம் என்றார் ஒருவர். ஜன்னல் பக்கம் மடங்கியிருக்கிறதே, ஜன்னல்தானே வெளியே போகிற வழி என்றார் கம்பத்து மாமா. கல்யாணம் பண்ணிக்கொண்டு பிறகு போகலாம் என்று சொல்கிறது என்றாள் ஒருத்தி. போய்விட்டு வந்து கல்யாணம் என்றாள் இன்னொருத்தி. நம் வலமா அதன் வலமா என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள் என்றாள் ஒச்சம்மா. அதற்காக ஒருவர் சுவரோடு முதுகை ஒட்டி நின்று பறவை மாதிரியே கையை நீட்டிக் காட்ட, அவருடைய வலது கை எது என்பதிலும் சண்டை வந்தது.

அப்போது சிந்துஜா படியிறங்கி வந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. விரிந்த இறக்கைக்குக் கீழே குனிந்து, கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க அத்தை," என்றாள்.

ஒச்சம்மா பறவைமேல் வைத்த கண்ணை எடுக்காமலே முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். கம்பத்து மாமா பெட்டி இடிக்காமல் நகர்ந்து நின்று, "மடக்கியிருக்கிறதைத்தான் கணக்குல எடுக்கணும்," என்று எதிரில் இருப்பவரிடம் சொன்னார். சுருளிவேலின் முதுகுக்குப் பின்னால் வந்ததும் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவள் போனாள்.

வாசலருகே நின்ற அங்கயற்கண்ணி எல்லாவற்றையும் பார்த்தாள். சிந்துஜா அவளைக் கடந்தபோது இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன. கூப்பிட்டுத் தடுக்க வேண்டுமா, வாழ்த்த வேண்டுமா, இது நல்லதா கெட்டதா, அவளுக்கு ஒன்றும் தெளியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுருளிவேல் குரல் கொடுத்தார்.

"டீச்சர்! நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்லாதீங்க."

எல்லாத் தலைகளும் வாசலை நோக்கித் திரும்பத் தொடங்கின. அங்கே சிந்துஜா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க பாருங்க!" என்றாள் அங்கயற்கண்ணி, பறவையைக் கையால் காட்டி. தலைகள் பாதியிலேயே நின்று பறவைப் பக்கம் போயின. அவள் விறுவிறுவென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியடிக்கு வந்தாள். "இந்த வெள்ளைப் பட்டையைப் பாருங்க. விரிச்ச பக்கம் அகலமா இருக்கு, மடக்கின பக்கம் ஒடுங்கியிருக்கு. ஏன்?"

"ஏன்?" என்றது கூட்டம்.

"இறகு ஒண்ணுமேல ஒண்ணு உக்காரும். மேல இருக்கிறது கீழ இருக்கிறதை மறைக்கும். மறைச்சா இல்லைன்னு ஆயிருமா? ஆகாது."

"அப்ப போகலாங்கறீங்களா, கூடாதுங்கறீங்களா?" என்றார் சுருளிவேல்.

"இருங்கண்ணே. கழுத்தைப் பாத்தீங்களா? அது ஏன் வளைஞ்சிருக்கு?"

உத்தரம் இடிக்காமல் இருக்கத்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கழுத்தைப் பற்றிப் பேசினாள், அலகைப் பற்றிப் பேசினாள், கொண்டையின் மஞ்சளில் எத்தனை மஞ்சள் இருக்கிறது என்று பேசினாள். இத்தனை நாள் தெரியாது என்ற ஒரே சொல்லோடு நின்றவளிடமிருந்து சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, அவளுக்கே அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை, கூட்டம் வாய் பிளந்து கேட்டது. வெளியே ஆட்டோ ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டு, தெருமுனையில் திரும்பி, அடங்கியது. அவளுடைய சொற்களும் அங்கே தீர்ந்தன.

"சிந்து, கேட்டியாம்மா?" என்று திரும்பினார் சுருளிவேல்.

மாடிக்கு ஓடிப்போய்த் தேடிவிட்டு வந்தவர், விரிந்த இறக்கைக்குக் கீழே படியில் உட்கார்ந்தார். கூட்டம் சத்தமில்லாமல் கரைய ஆரம்பித்தது. கம்பத்து மாமா வெற்றிலையைத் தானே போட்டுக்கொண்டு போனார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல," என்றார் சுருளிவேல்.

"சொன்னாளே," என்றாள் அடுக்களை வாசலில் நின்ற ரெங்கநாயகி. "எத்தனை தடவை சொன்னா. நீங்கதான் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க." அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. பெட்டியில் துணியை மடித்து வைத்தது அவள்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

சுருளிவேல் டீச்சரைப் பார்த்தார். "நீங்க அவ போறதைப் பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே."

"பாத்துக்கிட்டேவா பேசினீங்க?"

"ஆமாண்ணே."

"ஏன்?"

"தெரியலண்ணே," என்றாள். முதன்முறையாக அந்த வீட்டில் அந்தச் சொல்லை அடக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.  அவள் மேல் கோபப்படலாமா, நன்றி சொல்லலாமா என்று சுருளிவேலுக்கும் பிடிபடவில்லை போலிருந்தது. கடைசியில், "சரி, காப்பி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

குடித்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சாலையில் ஏலக்காய் ஜீப்புகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தபோது பையில் போன் அடித்தது. தனபாலன்.

"என்ன கண்ணி, யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"ஏதோ பறவை இருக்காமே அங்க, நீ செஞ்சது. எல்லாத்துக்கும் பதில் சொல்லுமாம், இங்க திருப்பூர் வரைக்கும் பேசிக்கிறாங்க. அதுகிட்ட கேட்டியா? என்ன சொல்லுச்சு?"

அவள் ஒரு கடையின் நிழலில் ஒதுங்கி நின்றாள். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். போன வாரம் இருந்த குழப்பம் அப்படியே இருந்தது, ஒரு இறகுகூடக் குறையவில்லை. அவன் வந்தால் நன்றாக இருக்குமோ என்னவோ. வராவிட்டால் பிறகு வருத்தப்படுவோமோ என்னவோ.

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க," என்றாள். "தெரியாமத்தான் சொல்றேன். வராதீங்க."